தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக் கொடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மன்னிப்புக் கடிதமாகப் பிறந்தது. எழுதியவன் நான். அந்த வெட்கக்கேட்டை மறைக்கத்தான் கதை எழுதுகிறான் என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான்.

2009 ஐப்பசி. ஊரெல்லாம் பன்றிக்காய்ச்சல் பீதி. மஞ்சக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டு பிரிசில்லா, கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். கையில் மெமோவோடு வந்தாள்.

"அண்ணே, நீங்க எழுதுறவரு. இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுங்க."

காய்ச்சல் வார்டுக்குக் கொடுத்த மாஸ்க்கை வெளிநோயாளிகள் பிரிவிலும் போட்டு நின்று, வந்தவர்களைப் பயமுறுத்தியது ஏன்? மன்னிப்புக் கேள், இல்லையென்றால் வேலை இல்லை. இதுதான் மெமோ.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சேர்ந்த அன்றே அவளுடைய நர்ஸிங் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். அது இல்லாமல் வேறெந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது. 'கொத்தடிமை' என்று எழுதி அடித்தேன். எதற்கு அடிக்கணும்? இருக்கட்டும்.)

2

கடிதம் எழுத உட்கார்ந்தவனுக்கு அவளைப் பற்றிக் கதையும் எழுத ஆசை. முதல் தொடக்கம்: 'வெள்ளை உடையில் தேவதை போல பிரிசில்லா...' சே! தேவதைக்கு எதுக்கு மாஸ்க்? இப்படிப் புகழ்ந்து புகழ்ந்துதானே வாரத்துக்கு ஒரே ஒரு மாஸ்க்கைக் கொடுத்து, துவைத்துப் போட்டுக்கோ என்கிறார்கள்!

இரண்டாவது: 'பிரிசில்லாவுக்குப் பயமே கிடையாது...' பொய். ட்ரிப்ஸ் மாற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். இருபதுவரை எண்ணி, வராந்தாவுக்கு ஓடிவந்துதான் விடுவாள். சோப்புப் போட்டுப் போட்டு விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. ரெண்டு வயசுப் பிள்ளை ஓடிவந்தால் "கிட்ட வராத!" என்று கத்திவிட்டு, குளியலறைக்குள் போய் அழுவாள்.

இதைக் கதையில் வைக்கலாமா என்று கேட்டேன்.

"வைங்கண்ணே. அழுவுறத வச்சா படிக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க. மாஸ்க் வாங்கித் தருவாங்களா?"

3

கடிதத்துக்கு நயமான வாசகம் ஒன்று பிடித்தேன்: 'பணிச்சுமையால் ஏற்பட்ட மன உளைச்சலில், அறியாமல் செய்த தவற்றை...'

அவளுக்கு மூக்கு விடைத்தது.

"எனக்கா மன உளைச்சல்? மாஸ்க் இல்லண்ணே, அதான் என் வியாதி! போன வாரம் எங்களயெல்லாம் ஹாலுக்குக் கூப்ட்டு, மனசு திடமாவ மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தாரு மேனேஜர் உத்திராபதி. நல்லா ஆழமா இழுத்து விடணுமாம். எந்த வார்டுல நின்னு இழுக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் கேட்ட பொய்யை அவர்களைவிட அழகாக எழுதியிருந்தேன்.

4

கதைக்கு முடிவு ஒன்று: கடிதத்தைக் கிழித்து உத்திராபதி மேஜையில் எறிகிறாள். நர்ஸுகள் கைதட்டுகிறார்கள். (தட்டுகிறவர்களின் சர்டிபிகேட்டும் அதே பீரோவில்தான். எழுதுகிற எனக்கென்ன, எழுதிவிட்டுக் காப்பி குடிப்பேன்.)

முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறாள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். ஒரு வாரம் கழித்து, பிள்ளைக்கு இருமல்... [இதை நான் முடிக்கமாட்டேன்.]

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கதைய மெதுவா முடிங்க. காலைல எனக்கு டூட்டி. கையெழுத்துப் போடவா, வேணாமா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே."

நான் பேனாவை மூடினேன். நீங்களாவது சொல்லுங்கள். அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.