கடிக்க மாட்டேன்

என் நாக்கின் இடது ஓரத்தில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. தண்ணீர் பட்டாலே உயிர் போகும். உடம்புச் சூடு என்றார் மாமியார். வீட்டுக்காரர், "வாய்க்கு நாலு நாள் லீவு குடு, தானா ஆறிடும்" என்று சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டிருக்கவே கூடாது. போட்டேன், என் புத்தி அப்படி.

புற்றுநோயாக இருக்குமோ என்று உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அரை நாள் லீவு போட்டுப் பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் புண்ணைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மூணு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைச் சும்மா விடக் கூடாதும்மா. ஒரு பல்லு ஓரம் ஒடைஞ்சு கூரா நிக்குது. அதே எடத்துல தெனமும் உரசுது. என்ன வேலை பாக்கறீங்க?"

"சட்டை தைக்கிறேன்."

"நூலைப் பல்லால கடிப்பீங்களோ?"

கடிக்காமல்? எங்கள் தையல் கூடத்தில் ஆறு மிஷினுக்கு ஒரே கத்தரி. அதுவும் முதலாளி மேஜையில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். எழுந்து போய் வெட்டி வருவதற்குள் இன்னொரு காலர் முடிந்துவிடும். எட்டு வருஷமாகக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்தே பழக்கம்.

டாக்டரம்மா பல்லை ராவி வழவழப்பாக்கினார். "உப்புத் தண்ணில கொப்பளிங்க. காரம் வேணாம். நூல் கடிக்கவே கூடாது. ரெண்டு வாரத்துல ஆறலைன்னா துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும்."

பதினாலு நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சட்டைகளை நூல் தொங்கத் தொங்க அடுக்கினேன். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"எல்லாரும் கடிக்கிறாங்க. உன் நாக்கு மட்டும் தங்கமா?"

"ஆமாங்க, தங்கம்தான். எங்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டைக்கும் எழுந்து போய் வெட்டி வந்தேன். தினமும் திட்டினார். திட்டட்டுமே. மத்தியானத்தில் மற்ற ஐந்து பேரின் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று பேருக்குப் பல் ஓரம் உடைந்திருந்தது.

பதினாலாம் நாள் டாக்டரம்மா நாக்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சுத்தமா ஆறிடுச்சு. சதை எடுக்க வேண்டியதில்ல." அந்த நாற்காலியிலேயே விசும்பி அழுதேன்.

கூடத்துக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார்: "ஆறிடுச்சுல்ல? ஆடின ஆட்டம் போதும். இனிமே கடி. சாயங்காலம் சரக்கு போகணும்."

நூல் தொங்கிய என் சட்டைக் கட்டைத் தூக்கி அவர் மேஜையில் போட்டேன். "அப்ப நீங்களே கடிங்க."

பக்கத்து மிஷின் அக்கா எழுந்து வந்து தன் கட்டையும் போட்டாள். பிறகு மற்ற நால்வரும் வந்தார்கள். முதலாளி வீம்புக்கு ஒரு நூலை வாயில் வைத்து இழுத்தார். அறவில்லை. திரும்பவும் இழுத்தார். சிரிக்காமல் நிற்பது பெரும்பாடாக இருந்தது. நூலைத் துப்பிவிட்டு, "சரி, சரி. நாளைக்கு ஆளுக்கொரு கத்தரி வாங்கித் தரேன். போய்த் தைங்க" என்றார்.

"அப்ப நாளைக்கே தைக்கறோம்" என்று சொல்லி என் மிஷின் சுவிட்சை அணைத்தேன். மற்ற ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.