சுட்டி பனி பார்த்த நாள்

சாரங்கன் அண்ணையின் முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோடைகாலம் முழுக்க அந்த ஆசையோடுதான் எழும்பி, நாங்கள் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து பஸ்ஸும் மெத்ரோ ரயிலும் மாறி வேலைக்குப் போனேன்.

காரணத்தைச் சொல்கிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் கம்பனி முதியோர் இல்லங்களுக்கு ரோபோ செய்கிறது. இடுப்பளவு உயரம், கீழே உருளும் சில்லு, தலையில் கமரா. அறை அறையாகப் போய் யாராவது விழுந்து கிடக்கிறார்களா, யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அதற்குப் படிப்பிப்பது என் வேலை. நாய்க்குட்டிக்குப் பழக்குவது மாதிரித்தான். சரியாகச் செய்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. புள்ளிக்கு ஆசைப்பட்டே அது கற்றுக்கொள்ளும். ஆனால் பெரிய கட்டடத்தில் விட்டால், முதல் புள்ளி கிடைப்பதற்குள் திக்குத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்கு ஒரு வழி உண்டு. அடுத்து என்ன தெரியப்போகிறது என்று ரோபோவையே ஊகிக்கச் சொல்ல வேண்டும். ஊகம் பிழைத்துப் புதிதாக ஏதாவது தெரிந்தால் அதற்கும் ஒரு புள்ளி. அப்போது அது புதினம் பார்க்கும் குழந்தையாகிவிடும். கதவைக் கண்டால் அதற்கப்பால் என்ன என்று எட்டிப் பார்க்கும். இந்த வழி உலகத்துக்குத் தெரிந்ததுதான். அதை எங்கள் ரோபோவுக்குச் சரிவரப் பொருத்தியது நான். அது முதன்முதலாக ஒரு மூலையைத் தாண்டி எட்டிப் பார்த்த அன்று, கண் கலங்கியபடி "சுட்டி" என்று பெயர் வைத்ததும் நான்தான்.

சாரங்கன் அண்ணை எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். "தங்கச்சி, தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். என் வேலையைப் பற்றி ஒரு பெரிய மாநாட்டில் அவர் பேசப் போனபோது, படம் காட்டிப் பேசிய பேச்சு முழுவதும் அவர் பெயரில் இருந்தது. கடைசிப் படத்தின் அடியில், "உதவிக்கு நன்றி" என்ற வரிசையில், என் பெயர். பக்கத்தில் கோப்பி மெஷின் கொடுத்த கம்பனியின் பெயர். வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில், அன்னதானப் பந்தியில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணை, அது என்ர வேலை எல்லோ?"

"ஓம், ஆர் இல்லையெண்டது?" என்றார், சோற்றைப் பிசைந்தபடி. "எங்கட ஆக்களுக்குள்ள என்ர, உன்ர எண்டு பிரிக்கிறதே? நான் மேல போனா உம்மையும் தூக்கிவிடுவன். பாயாசம் விட்டிட்டினம், குடியும்."

மேலிடத்தில் முறையிடலாம் என்றால் வீட்டில் அம்மா விடவில்லை. "வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட மனுசனை விட்டுக்குடுக்கிறதே? நாளைக்குக் கோயில்ல எந்த முகத்தோட நிக்கிறது?" அம்மாவுக்கு அந்த முகம் பெரிது. எனக்கும் ஒரு முகம் இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை.

சரி, வாய் திறக்கக் கூடாது. கையை அசைக்கலாம் அல்லவா?

சுட்டியிடம் ஒரு குறை இருந்தது. எந்தக் காலத்திலும் ஊகிக்க முடியாத ஒன்று கண்ணில் பட்டால், ஊகம் பிழைத்துக்கொண்டே இருக்கும், புள்ளி கொட்டிக்கொண்டே இருக்கும். அது அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் நான் அதன் நிரலில் இன்னொரு பகுதி எழுதிச் சேர்த்திருந்தேன். ஊகம் பிழைப்பதற்குப் புள்ளி இல்லை, பிழை குறைந்துகொண்டு வருவதற்கே புள்ளி. கற்க ஏதும் இல்லாத இடம் அலுத்துப்போகும், விலகிப் போகும். சாரங்கன் அண்ணை அந்தப் பகுதியை நிறுத்தச் சொன்னார். "இதால ரோபோ மெதுவாகுது, தங்கச்சி. வாறவைக்கு வேகம்தான் கண்ணில படும்." ஏன் வேண்டும் என்று விளக்கினேன். கைத்தொலைபேசியைப் பார்த்தபடி தலையாட்டினார். நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகும் சுட்டி ஒழுங்காகத்தான் ஓடியது. ஏனென்றால் எங்கள் பயிற்சிக் கூடத்தின் யன்னல் திரைகள் எப்போதும் இறக்கியே கிடக்கும். கணினித் திரையில் வெயில் படக்கூடாதாம். உள்ளே கட்டில், கதிரை, நடைபாதை, எல்லாம் அசையாதவை. சுட்டி வெளியுலகத்தைக் கண்டதே இல்லை. மூடிய அறையில் மட்டும் சோதித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நம்புவது எங்கள் தொழிலில் நடக்கிற பிழைதான். அவரும் நம்பினார்.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு முதியோர் இல்லம் நடத்தும் மதாம் பெலான்ஜே சுட்டியைப் பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள். அவருக்குப் பிடித்தால் சுட்டி அங்கே போகும், சாரங்கன் அண்ணை இன்னும் மேலே போவார். நான் காலநிலை அறிவிப்பைப் பார்த்தேன். அன்றைக்கு முதல் பனி கொட்டும் என்றது. எந்தத் துகள் எங்கே விழும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. குலதெய்வமே இறங்கி வந்து ஒத்தாசை செய்தது போலிருந்தது.

அன்று எல்லோரும் வந்து நின்றார்கள். மதாம் பெலான்ஜே சிவப்புக் கழுத்துத் துணி கட்டிய, கண்ணில் குறும்பு மாறாத பெண். சாரங்கன் அண்ணை பிரெஞ்சில் வெளுத்து வாங்கினார். "சுட்டி" என்பது தன் மகனின் செல்லப் பெயர் என்று வேறு சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு யன்னலுக்குப் போனேன். கயிற்றை இழுத்தேன். திரை மேலே சுருண்டது.

வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது.

சுட்டி முதல் கட்டிலைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பியது. பாதி வழியில் நின்றது. தலை யன்னல் பக்கம் சுழன்றது. நேரே வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டது. அவ்வளவுதான். பிறகு அசையவில்லை.

சாரங்கன் அண்ணையின் காது சிவந்தது. எனக்கு உள்ளுக்குள் தீபாவளி. ஆனால் மதாம் பெலான்ஜே கன்னத்தில் கை வைத்துச் சிரித்தார். "ஐயோ, எங்கள் வயதானவர்கள் மாதிரியே! முதல் பனி என்றால் அவர்களும் இப்படித்தான் யன்னலை விட்டு நகரமாட்டார்கள்."

"ஆமாம் மதாம்," என்று அண்ணை உடனே பிடித்துக்கொண்டார். "அந்த ஆர்வத்தைக் கொடுத்ததே நான்தான்."

என் பழியைக்கூட அந்த மனிதர் தன் பெயரில் எழுதிக்கொண்டார்! கயிற்றை அவர் கழுத்தில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

மதாம் சிறிது நேரம் சுட்டியோடு சேர்ந்து பனி பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அழகுதான். ஆனால் அடுத்த அறையில் யாராவது விழுந்திருந்தால்? இது எப்போது திரும்பும்?"

அண்ணை கணினியைத் தட்டினார். சுட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். அது உருண்டு திரும்பப் போய்க் கண்ணாடியடியில் நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணை என் பக்கம் சாய்ந்தார். முகம் வெளிறியிருந்தது. எத்தனை நாள் கனவு!

"தங்கச்சி, என்ன செய்யிறது? கெதியாச் சொல்லும்."

"எனக்கு என்ன தெரியும் அண்ணை? நான் உதவிதானே."

"உது இப்ப கதைக்கிற கதையே? இது உம்மட வேலைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"அவைக்கு விளங்கிற பாஷையில சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. மதாம் பெலான்ஜே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணை அவர் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார்: "மதாம், இதற்குப் பதில் இவருக்குத்தான் தெரியும். சுட்டிக்குப் படிப்பித்தது இவர். எல்லாம் இவருடைய வேலை."

"பேரும்," என்றேன் தமிழில்.

"பெயர் வைத்ததும் இவர்தான்."

நான் மடிக்கணினியைத் திறந்து, நிறுத்திவைத்த பகுதியை மறுபடி இயக்கிவிட்டேன். என் பெயரைச் சொல்லி, ஏன் என்று மதாமுக்கு விளக்கினேன். சொல்லி முடிப்பதற்குள் சுட்டியின் தலை அசைந்தது. வெளியே பனி நிற்கவில்லை. அதில் கற்க ஒன்றுமில்லை என்று சுட்டிக்குத்தான் பட்டுவிட்டது. திரும்பி நடைபாதையில் உருண்டு அடுத்த கட்டிலுக்குப் போனது. மதாம் கை தட்டினார். எல்லோரும் அதன் பின்னால் போனார்கள்.

சாரங்கன் அண்ணை யன்னலடியில் தனியே நின்றார். உதடு ஒருமுறை துடித்தது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரிக்கப் பார்த்து முடியாமல் விட்டார். அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்க முடியாமல் நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துஷாந்தினி!" நடைபாதையிலிருந்து மதாம் பெலான்ஜே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "வாருங்கள், உங்களிடம் நிறையக் கேட்க வேண்டும்."

அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவும். தெரியும். ஆனாலும் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணையின் முகத்தை விட்டு நகர மனமில்லாமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.