அம்சவேணி வயிற்றில் எத்தனை பேர்

"அசையாம படு கண்ணு. மூச்சை அடக்காதே, சாதாரணமா விடு."

ஜெசிந்தா குனிந்து, அலுமினியக் குழலின் ஒரு முனையை அம்சவேணியின் வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை அழுத்தினாள். இடது பக்கம், தொப்புளுக்குக் கீழே, குழந்தையின் நெஞ்சு குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. குழலை மேலே நகர்த்தினாள். சத்தம் தேய்ந்து நின்றது. இன்னும் வலப்பக்கம் நகர்த்தினாள். மறுபடியும் குதிரை!

மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுத் துணை சுகாதார நிலையத்துக்கு நர்சாக வந்த நாளிலிருந்து அவள் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இரண்டு கையாலும் வயிற்றை அழுத்தித் தடவினாள். கீழே ஒரு தலை. மேலே விலாவை ஒட்டிக் குறுக்கே இன்னொரு தலை.

"அம்சவேணி! உள்ளே ரெண்டு பேரு!"

"நெசமாவாங்க நர்சம்மா?"

வாசலில் நின்றிருந்த அவள் புருஷன் சின்னராசு சிரித்தான். "ரெண்டெல்லாம் இல்லீங்க. அவ மரவள்ளிக் கெழங்கை அள்ளி அள்ளித் திங்கறா. அதுதான் வயிறு பெருத்துக் கெடக்குது."

"ஆமா, அள்ளித் திங்க நீ மிச்சம் வெச்சாத்தானே! பானையை வழிச்சுத் திங்கறது யாரு?" என்று அம்சவேணி படுத்தபடியே திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் இடுப்பு வலி வந்து பல்லைக் கடித்தாள்.

ஜெசிந்தா எழுந்து சின்னராசுவிடம் போனாள். "சின்னராசு, விளையாட்டு இல்ல. வலி கண்டாச்சு. மொதல் குழந்தை வந்துடும். ரெண்டாவது குறுக்கே கெடக்கு, அது தானா வராது. இங்க என்னால எடுக்க முடியாது. இப்பவே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "கீழயா? எங்க அக்காளை இப்படித்தான் கொண்டு போனாங்க. வயித்தைக் கிழிச்சில்ல அனுப்பினாங்க?"

"கிழிச்சதாலதான் இன்னைக்கு உங்க அக்கா காட்டுல களை பறிக்குது."

"இல்லீங்க, வேண்டாமுங்க. ஊட்டுலயே பாத்துக்கறோம்."

"போன வருஷமும் வீட்டுலதான் பாத்தீங்க."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது அவளுக்கு. அம்சவேணிக்குப் போன வருஷம் பிறந்த குழந்தை அழாமலேயே போய்விட்டது. சின்னராசு தரையைப் பார்த்தான்.

"ரெண்டு இருக்குதுன்னு நீங்கதானுங்க சொல்றீங்க. அங்க போயி ஒண்ணுதான் இருந்து, வீணா அவளைக் கிழிச்சுட்டா?"

நியாயமான கேள்விதானே? ஜெசிந்தா கழுத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினாள்.

"திருவிழாவுக்கு மேளம் அடிக்கிற ஆளுதானே நீங்க? வாங்க. காதுல மாட்டுங்க. இந்த எடத்துல கேக்குதா?"

"சன்னமா கேக்குதுங்க. அடேயப்பா, என்னா வேகம்!"

"இது உங்க பொண்டாட்டி நெஞ்சு இல்ல. அவ கை நாடியைப் பிடிச்சுப் பாருங்க, அது மெதுவாப் போகும். சரியா? இப்ப கேக்கறதை அப்படியே இந்தப் பெட்டி மேல விரலால தட்டுங்க. நான் அந்தப் பக்கம் குழல்ல கேட்டுத் தட்டறேன்."

இருவரும் கட்டிலோரம் இருந்த தகர மருந்துப் பெட்டியில் தட்டத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்து விழுந்தது. பிறகு ஜெசிந்தாவின் விரல் கொஞ்சம் கொஞ்சமாக முந்தியது. சின்னராசுவால் பொறுக்க முடியவில்லை.

"நர்சம்மா, தாளம் தப்பறீங்க!"

"நான் தப்பல."

"ஓடறீங்களே! நான் சரியாத்தான் அடிக்கறேன்."

"நீங்களும் சரி. நானும் சரி."

சின்னராசுவின் விரல் அந்தரத்தில் நின்றது. "அப்ப... அது வேற ஆளுங்களா?"

"வேற ஆளு!"

"ஏய் அம்சவேணி! ரெண்டு புள்ளை! எந்திரி, எந்திரி, போலாம்!"

"எந்திரிக்கவா? தூக்குய்யா!"

சாலையில் முள்ளுக்குறிச்சி வியாபாரி அமீர் பாஷாவின் லாரி பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்தது. சின்னராசு ஓடிப் போய் அதன் குறுக்கே கையை விரித்து நின்றான்.

"என்னப்பா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?"

"சாக இல்லீங்க பாய், பொறக்க! ரெண்டு!"

பாஷா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேபினில் அம்சவேணியை ஏற்றி, பக்கத்தில் ஜெசிந்தாவை உட்கார வைத்து, சின்னராசுவைப் பழத்தின் மேல் ஏறச் சொன்னார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அம்சவேணி ஜெசிந்தாவின் கையை நசுக்கினாள். ஒவ்வொரு வளைவிலும் பாஷா, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, பொறுத்துக்க. இது என் வண்டி, ஆஸ்பத்திரி இல்ல" என்று கெஞ்சினார். அந்த வலியிலும் அம்சவேணி சிரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் முதல் குழந்தை வழுக்கிக்கொண்டு வந்தது. பெண். வீல் என்று ஒரே அழுகை. டாக்டர் ரோஸ்லின் அடுத்ததுக்குக் கையை வைத்துப் பார்த்தார்.

"குறுக்கேதான் இருக்கு. திருப்பிக் காலைப் பிடிக்கறேன். சிஸ்டர், நீங்க வயித்து மேல அழுத்திப் பிடிங்க. விட்டுடாதீங்க."

ஜெசிந்தா பிடித்தாள். உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சின்னத் தலை மெல்ல உருண்டது. முதலில் கால்கள் வந்தன, பிறகு முதுகு, கடைசியில் தலை. பையன். நீலம் பாரித்து, துவண்டு கிடந்தான். சத்தமில்லை. அம்சவேணியின் கண்கள் கூரையில் நிலைகுத்தி நின்றன.

"அழுவலையே... நர்சம்மா, இதுவும் அழுவலையே..."

"அழுவான். இரு." ஜெசிந்தா துண்டை எடுத்து அவன் முதுகைத் தேய்த்தாள். டாக்டர் வாயில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தார். "டேய் சாமி, இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப என்னடா வீம்பு? அழுடா!"

பையன் முகத்தைச் சுளித்தான். தும்மினான். பிறகு அக்காளை மிஞ்சி அழுதான்.

ஜெசிந்தாவுக்கு வெளியே போனது நினைவில்லை. சின்னராசுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருந்தது.

"ரெண்டும் நல்லா இருக்கு! பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு!"

"அவ?"

"பசிக்குதாம். இட்லி வேணுமாம். வயித்தைக் கிழிக்கல."

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு இட்லி வாங்க ஓடினான்.

மறுநாள் காலை மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. தூங்காத கண், கசங்கிய சேலை. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க சிஸ்டர், தனியா சிரிச்சிக்கிட்டு வர்றீங்க?"

"இரட்டைப் புள்ளைங்க!"

"அப்படியா! யாருக்குங்க? உங்க ஊட்டுலயா?"

"ஆமா, எங்க வீட்டுலதான்னு வெச்சுக்குங்க!"

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "தாய் எப்படி இருக்குதுங்க?" பின்னாலிருந்து ஒருவர், "எந்த ஊரு, எத்தனை எடை?" என்றார். ஜெசிந்தா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மொத்த பஸ்ஸுக்கும் சொன்னாள். கதையில் பையன் தும்மின இடம் வந்தபோது பஸ் நின்றது. வாழைத்தாரோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள்.

"என்னமோ சொல்லிட்டிருந்தீங்களே, எங்களுக்கும் சொல்லுங்க."

"மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்துதானுங்க!"

ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நேத்துக் காலையில அம்சவேணின்னு ஒரு பொண்ணு வந்துச்சு..."