காதலியின் தோட்டத்திலிருந்து ஒரு பூங்கொத்து

என் கணவர் என்னை முதன்முதலாகத் தோட்டம் என்று அழைத்தபோது நான் கழிப்பறையில் அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திக்கொண்டிருந்தேன்.

"சரசு, நீ ஒரு தோட்டம். மதில் வச்சுப் பூட்டின தோட்டம்," என்றார் வாசலில் நின்றபடி.

"தோட்டமாவே இருந்துட்டுப் போறேன். முதல்ல அந்தக் கம்பியை எடுத்துக் கொடுங்க."

கம்பி அவர் காலடியில்தான் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டார். நானே எழுந்து எடுத்துக்கொண்டேன்.

அவர் பெயர் அழகப்பன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் வேலைக்குப் போன பிறகு இவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து அலமாரிகளை இடம் மாற்றி வைக்கிறார் என்று மகள் ரக்ஷனாவிடம் புலம்பினேன். அவள் அப்பாவை மூத்தோருக்கான மாலை வகுப்பில் சேர்த்துவிடப் போனாள். சீன எழுத்துக்கலை வகுப்பு நிறைந்துவிட்டது. நடன வகுப்பும் நிறைந்துவிட்டது. இடம் மிச்சமிருந்தது பழைய எபிரேயக் காதல் பாட்டு வகுப்பில் மட்டும்தான். அப்படித்தான் அந்தச் சனியன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. 'சாம்பார் பரவாயில்லை' என்பதைத் தாண்டி ஆயுசில் என்னைப் பாராட்டாத மனுஷர், திடீரென்று என் தலைமுடியை ஆட்டு மந்தையோடு ஒப்பிட்டார். அந்தக் காலத்து எபிரேயர்களுக்கு அது பெரிய புகழ்ச்சியாம். என் கழுத்து கோபுரமாம். "எபிரேயத்துல தோட்டத்துக்கு 'கன்'னு பேர். மாதுளைக்கு 'ரிம்மோன்'. சொல்லும்போதே வாய்க்குள்ள பழம் உருளுது பாரு," என்பார். எனக்கு உருளவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன். ஆட்டு மந்தையாகவே இருக்கட்டுமே, என் முடியை ஒருத்தர் பார்த்திருக்கிறாரே!

இங்கே என் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்கில் எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே, பொது நடைவழியில் சுவரோரமாக வைத்த தொட்டிகள்தான் தோட்டம். கறிவேப்பிலை, சோற்றில் வாசனைக்குப் போடும் பாண்டான், மல்லிகை, மருதாணி, ஒரு மாதுளை. பக்கத்து வீட்டு ஆமினா பீவியும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். நான் ஷிப்டில் இருக்கும்போது அவர் தண்ணீர் ஊற்றுவார். ஆமினாக்காவுக்கென்று தனியாக ஒரே ஒரு செடி உண்டு. அவர் மகன் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் ஆர்க்கிட். "இதுக்கு நான் பதில் சொல்ல வேணாம்லா, அதுபாட்டுக்கு இருக்கும்," என்பார்.

இவரோ அந்தத் தொட்டிகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. கொசு வரும், நகர மன்றத்துக்காரன் வந்து எடுக்கச் சொல்வான், கால் இடறுது, இதெல்லாம்தான் என் தோட்டத்தைப் பற்றி அவர் பாடிய பாட்டு.

மாதுளையை நான் கிராஞ்சி நர்சரி ஒன்றில் வாங்கினேன். நம்ம ஊர் மழையில் மாதுளை பூக்கும், காய்க்காது. வருஷா வருஷம் சிவப்பாகப் பூத்து, ஒரு மழைக்கு எல்லாம் உதிர்ந்து, நடைவழி முழுக்கக் கிடக்கும். இந்த வருஷம் நான் விடவில்லை. ரக்ஷனா விட்டுப்போன மேக்கப் பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொரு பூவாகத் தடவிவிட்டேன். ஆமினாக்கா மழைச்சாரல் அடிக்காமல் குடையைக் கட்டிவைத்தார். ஒன்றே ஒன்று நின்றது. எலுமிச்சை அளவுக்குக் காய் திரண்டது, சுற்றி மறுபடியும் பூவும் வந்தது. மைனா கொத்தாமல் இருக்க, ஆரஞ்சுப் பழம் வந்த வலைப்பையை வெட்டி அதற்குச் சட்டை போட்டு, நீல நூலால் கட்டினேன்.

"பழுத்ததும் ஆளுக்குப் பாதி," என்றார் ஆமினாக்கா. "ஒவ்வொரு மாதுளையிலயும் சொர்க்கத்து முத்து ஒண்ணு இருக்குன்னு எங்கம்மா சொல்லும். எதுன்னு தெரியாது. அதனால ஒண்ணுகூடக் கீழ விழாமத் திங்கணும்."

"சொர்க்கத்து முத்து உங்க பாதியில வந்தா?"

"வந்தா வந்ததுதான். திருப்பித் தர மாட்டேன்லா!"

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் காயைத் தொட்டுவிட்டுத்தான் கதவைத் தாண்டுவேன். எனக்கு அந்தப் பழம் வேண்டும். வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

இதற்கிடையில் இவருக்கு மேடை கிடைத்துவிட்டது. ஒரு தமிழ் அமைப்பின் மாதக் கூட்டத்தில் சிறப்புரை. தலைப்பு, 'தோட்டமும் காதலியும்: பழைய எபிரேயப் பாடல்களில் ஒரு பார்வை'. இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை. கைகளை விரித்து நடைவழியில் உலாத்துவார். "தோட்டம் அவளுடையது. சாவி அவளிடம். அவள் 'வா' என்று கூப்பிட்டால்தான் அவன் உள்ளே வருவான். கூப்பிடாமல் ஓர் இலையைக்கூடத் தொடமாட்டான்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் பாண்டான் தொட்டியில் இடறி, "இதைக் கொஞ்சம் ஓரமா வைக்கக்கூடாதா சரசு?" என்றார்.

ஆமினாக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எனக்குக் காலை ஷிப்ட். முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே எம்.ஆர்.டி. ரயில் பிடித்துப் பூகிஸில் இறங்கி, கூட்டம் நடக்கும் நூலகத்துக்குப் போனேன். சேலை மாற்றிக்கொண்டது விமான நிலையக் கழிப்பறையில். போனைச் சத்தமில்லாமல் வைத்தேன். அதுதான் தப்பு. ஆமினாக்கா விடாமல் கூப்பிட்டிருக்கிறார், நான் பார்க்கவில்லை.

மனுஷர் நன்றாகவே பேசினார், இல்லையென்று சொல்லமாட்டேன். மதிலும் ஊற்றும் மருதாணிக் கொத்தும் கண்ணுக்குள் வந்தன. பாலைவனத்துக்காரனுக்குத் தோட்டம் என்றால் உயிர், அதனால்தான் காதலியைத் தோட்டம் என்றான், என்று சொன்னபோது அரங்கம் அமைதியானது. பிறகு, எபிரேயத்தில் மயிலுக்கு இருக்கும் சொல் நம் 'தோகை'யிலிருந்து போனது என்று சில அறிஞர்கள் கருதுவதாகச் சொன்னார். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டல். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். காதலிக்குத் தட்டாத கை, மயிலுக்குத் தட்டியது.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பாடல்களை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, என் வீட்டு வாசலில்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டு எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அட அசடே!

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்தும்போது துணைவியாரையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவர் ஏறி, ஓரமாக நின்று, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்க வேண்டும். நானும் ஏறினேன். ஒரு பெண்மணி எனக்குப் போர்த்தச் சால்வையை விரித்தார். இவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"என் துணைவிக்குப் பொன்னாடை வேண்டாம்."

மேசைக்கு அடியில் குனிந்து எடுத்தார். தேக்கா சந்தைப் பூக்கடைக்காரன் ஜிகினாத் தாளில் சுற்றிக் கொடுத்த பூங்கொத்து. சிவப்புச் சிவப்பாகப் பூக்கள். "இவை கடையில் வாங்கியவை அல்ல. என் காதலியின் தோட்டத்திலிருந்தே என் காதலிக்கு!"

கைதட்டினார்கள். மயிலுக்குத் தட்டியதைவிட அதிகம்.

வாங்கிக்கொண்டேன். பூக்களுக்கு நடுவில் எலுமிச்சை அளவில் பச்சையாக ஒன்று தெரிந்தது. வலைச் சட்டையைக் கழற்றியிருந்தார், பார்வைக்கு நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பார். நீல நூல் மட்டும் காம்பில் அப்படியே இருந்தது.

அந்த மனுஷரை அங்கேயே பூங்கொத்தால் நாலு சாத்து சாத்தலாமா என்று இருந்தது. "இங்க பாருங்கம்மா, சிரிங்கம்மா," என்றார் போட்டோக்காரர். சிரித்தேன். அந்தப் படம் இப்போதும் அந்த அமைப்பின் பக்கத்தில் இருக்கிறது. 'பாசத்துக்குரிய தம்பதி' என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள்.

நெறியாளர் பெண் என்னிடம் மைக்கை நீட்டினாள். "அம்மா, இரண்டு வார்த்தை."

"ஒரு கேள்விதான்," என்றேன். "அந்தப் பாட்டுல, அவ 'வா'ன்னு கூப்பிடாமலே அவன் தோட்டத்துக்குள்ள போயிட்டா என்ன ஆகும்?"

சபை ஓவென்று சிரித்தது. ஏதோ புருஷன் பெண்டாட்டி சரசம் என்று நினைத்துவிட்டார்கள். இவர் முகம் பூரித்துப்போனது. "நல்ல கேள்வி! அப்படியொரு பாட்டை நான் பார்த்ததே இல்லை. உண்மையான காதலன் அப்படிப் போகவே மாட்டான்."

"சரி," என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் செயற்குழுவோடு சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். நான் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிரில் இருந்த சீனப் பாட்டி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நடைவழியில் ஆமினாக்கா மாதுளைத் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் முழங்கை உயரத்துக்கு மொட்டைக் குச்சிகள் நின்றன. வலைச் சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"நான் தொழுதுட்டு வெளிய வாறேன், உங்க வூட்டுக்காரர் கத்தரிக்கோலோட நிக்கிறார். 'அண்ணே, அண்ணே'ன்னு கத்தினேன். 'சரசுக்குத்தான் ஆமினா, சர்ப்ரைஸ்'னு சிரிச்சுக்கிட்டே போறார். நான் என்னலா செய்வேன்?" ஆமினாக்கா வலைச் சட்டையை என் கையில் வைத்தார்.

அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். காயை நடுவில் வெட்டினேன். உள்ளே முத்துகள் வெள்ளையாக, அரிசிக் குறுணை மாதிரி இருந்தன. சிவக்கத் தொடங்கவே இல்லை. ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. நான் அழுதுகொண்டே தின்றேன், ஆமினாக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

"சொர்க்கத்து முத்து உங்க பாதியிலயா என் பாதியிலயா?" என்று கேட்டேன்.

"எதுல இருந்தாலும் பழுக்கல," என்றார் ஆமினாக்கா.

அவர் போனதும் இரும்புக் கேட்டை உள்பக்கம் தாழிட்டேன். மரக்கதவைத் திறந்தே வைத்தேன். சற்று நேரத்தில் இவர் வந்தார், தோளில் பொன்னாடையோடு. சாவியைப் போட்டுத் திருப்பினார். கேட் அசையவில்லை.

"சரசு, தாழ் போட்டிருக்கே. திற."

"உட்காருங்க. கூப்பிடுறேன்."

"என்ன விளையாட்டு இது?"

"தோட்டம் பூட்டியிருக்கு. கூப்பிட்டாத்தானே வரணும்? சபையில நீங்கதானே சொன்னீங்க."

கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டினார். சாப்பாட்டு மேசையில் கிடந்த காய்த்தோலைப் பார்த்தார். திரும்பித் தொட்டியைப் பார்த்தார். அந்த மாதுளையை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"உனக்குத்தானே சரசு கொண்டுவந்து கொடுத்தேன்," என்றார் மெல்ல.

"அது என்கிட்டதானே இருந்துச்சு!"

இவர் ஆமினாக்காவின் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த வழியாகப் போன பக்கத்துப் புளோக்குக்காரர் ஒருவர், "பேச்சு பிரமாதம் சார், அந்த மயில்!" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். இவர் வெளியே உட்கார்ந்திருப்பது ஏன் என்று அவர் கேட்கவில்லை. காற்று வாங்குகிறார் என்று நினைத்திருக்கலாம்.

பிறகு இவர் எழுந்தார். கறிவேப்பிலைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தார். அது எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு ஒரு கணம் இளகியது. தாழ்ப்பாளில் கையைக்கூட வைத்துவிட்டேன்.

அவர் குனிந்து, மிகவும் பொறுப்பாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினார், ஆமினாக்காவின் பிளாஸ்டிக் ஆர்க்கிடுக்கு.

"இப்ப வரலாமா சரசு?"

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். "இன்னும் கூப்பிடலை," என்றேன்.