ஒரு மணிக்கு மூடும் பால்வாடிக்காக நான் எழுதிய மனு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நான் எழுதிய ஒரு மனுவிலிருந்து வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பால்வாடி காலை ஒன்பதரைக்குத் திறக்கும். பாட்டு, கொஞ்சம் பாடம், சாப்பாடு. மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். அதை மாலை ஐந்து மணி வரை நடத்தச் சொல்லி இருபத்தெட்டுத் தாய்மார்கள் கையெழுத்துப் போட்டார்கள். தெருவில் கதை எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

2

கதைக்கு நான் எழுதி அடித்த முதல் வரிகள் இவை:

‘மதிய வெயில் கோபுர நிழலை மெல்ல...’ (வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

‘பூட்டைத் தொட்டபோது கலையரசியின் கை...’ (அவள் கை என்ன ஆனது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். கலையரசி ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் புடவையை விரித்துக் காட்டி, வாங்காமல் போனதை மடித்து வைக்க வேண்டும். கணவர் லாரியில் ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். மகள் திரிஷாவுக்கு மூன்றரை வயது. ஒரு மணிக்குக் கடையிலிருந்து ஓடி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொள்வாள். வீட்டில் விட்டு, டிவியைப் போட்டு, வெளியே பூட்டிவிட்டு மறுபடியும் கடைக்கு ஓடுவாள். ஐந்து மணி வரை பிள்ளை தனியாக இருக்கும். (பக்கத்து வீட்டில் விடலாமே என்று கேட்காதீர்கள். அங்கேயும் இதே கதைதான்.)

கையெழுத்துப் போட வந்த அன்று அவளே என்னிடம் சொன்னாள்.

“ஜன்னல்கிட்டயே நின்னுக்கினு இருக்கும்ணா. நான் வந்து தொறந்தா அழக்கூட அழாது. அதான் பயமா இருக்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. மனுவில் எழுதிவிட்டேன்.

3

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தருகிறவர் கலியன். திங்கட்கிழமை மனு நாளில் அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. அவரிடம் போய் என் மனுவைக் காட்டினேன். பாராட்டுவார் என்ற நினைப்பு. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னாபா, ஒரு பொம்பளை பேரு, கதவு நம்பரெல்லாம் போட்டுக்கினு வந்துக்கிற? மனுவுல ‘நாங்க’ன்னுதான் எழுதணும். ஆள் பேரு இருந்தா கோரிக்கைய வுட்டுட்டு ஆளைத்தான் புடிப்பாங்க.”

“பேரு இல்லன்னா உயிர் இருக்காதுங்க,” என்றேன்.

உயிராம். இதைச் சொன்ன வாயில் என்னத்தைப் போடுவது? ‘நாங்கள்’ என்று எழுதினால் யாரும் உருகமாட்டார்கள், ஒரு பிள்ளையைக் காட்டினால் உருகுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். பூட்டு, ஜன்னல், அழாத பிள்ளை எல்லாவற்றையும் நீளமான ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். ஒரு வரியைக்கூட எடுக்க மனம் வரவில்லை. அப்படியே கொடுத்துவிட்டு வந்து டீ குடித்தேன்.

4

பதினேழாம் நாள் மதியம் இரண்டரைக்கு இரண்டு அதிகாரிகள் கலையரசி வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் நான் எழுதியபடியே இருந்தது. கடைக்கு ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இனிமேல் பிள்ளையைத் தனியாக விடமாட்டேன், விட்டால் காப்பகத்தில் சேர்க்கச் சம்மதம் என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

(அவர்களைக் கெட்டவர்களாக எழுத ஆசைதான். முடியவில்லை. பூட்டிய வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் யாராயிருந்தாலும் போவார்கள்.)

அன்றிலிருந்து கலையரசி வேலைக்குப் போகவில்லை. மறுநாள் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, மனு முடித்து வைக்கப்பட்டது.’

பால்வாடி இன்றும் ஒரு மணிக்கு மூடுகிறது. இன்னொரு மனு போடலாம் என்று மற்ற தாய்மார்களிடம் போனேன். ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. மதியத்தில் தெருவில் நடந்தால் ஒரு மாற்றம் மட்டும் தெரிகிறது. பூட்டிய வீடுகளில் இப்போது ஜன்னலையும் சாத்திவிட்டுப் போகிறார்கள். உள்ளே டிவி சத்தம் கேட்கிறது.

5

முடிவுகள்.

ஒன்று: ஆணை வருகிறது. பால்வாடியில் பாய் விரித்துப் பிள்ளைகள் மத்தியானத் தூக்கம் தூங்குகிறார்கள். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. எனக்கு நன்றாக வருவதன் மேல் நம்பிக்கை போய்விட்டது. கிழித்துப் போட்டேன்.

இரண்டு: கலையரசி என் வாசலில் நின்று என்னைக் கிழிகிழி என்று கிழிக்கிறாள். எனக்கு அழுகை வருகிறது, பாரம் இறங்குகிறது. (என் பாரம் இறங்குவதற்காக அவளை மறுபடியும் ஒருமுறை தெருவில் நிறுத்த வேண்டுமா?)

உண்மையில் நடந்தது: இன்று காலை வந்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அத்த விடுங்கணா. கடைல லெட்டர் கேக்குறாங்க. பத்துல இருந்து ஒரு மணி வரிக்கும் வர்றேன், அரை நாள் வேலையே போதும்னு எழுதித் தாங்க. மத்தியானம் ஏன் வர முடியலன்னு காரணம் சொல்லணுமாம்.”

“என்ன காரணம் எழுதட்டும்மா?”

“எதனா எழுதுங்க. பாப்பாவப் பத்தி மட்டும் எழுதாதீங்க.”

அவள் போனதிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ‘மேலாளர் அவர்களுக்கு வணக்கம். மதியத்துக்கு மேல் என்னால் வேலைக்கு வர இயலாததற்குக் காரணம்’ என்பது வரை எழுதிவிட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை ஓடவில்லை. ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்ள வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளையைச் சொல்லாத ஒரு காரணம் உங்களுக்குத் தெரிந்தால், மீதியை நீங்களே எழுதிவிடுங்கள்.