திருநின்றவூர்த் தண்ணீர்

"அந்தக் கொடத்துத் தண்ணிய யாரு எட்த்தது?"

சமையலறை வாசலில் நின்று நாகவல்லி கத்தினாள். கூடத்தில் அம்மா பொன்னம்மாள் செத்துக் கிடக்க, மகள் குடத்துக்குக் கத்துகிறாளே என்று அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காப்பி போட்டுட்டேன்டி," என்றாள் அத்தை பூங்காவனம். "வந்தவங்களுக்குக் கெணத்துத் தண்ணியா குடுக்கறது? உங்கம்மாவே குடுக்க மாட்டா."

அதுதான் வயிற்றெரிச்சல். வாராவாரம் தான் குடியிருக்கும் திருநின்றவூரிலிருந்து ரயிலில் இடிபட்டு, ஏச்சு வாங்கி, அம்பத்தூருக்கு அந்தக் குடத்தைச் சுமந்து வந்தவள் நாகவல்லி. "நீ மட்டும் குடிம்மா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அம்மாவோ அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோராகவும் காப்பியாகவும் கொடுத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரையே குடித்தாள். முதலில் கையில் புண் வந்தது, பிறகு கால் வீங்கியது. தண்ணீரை மாற்றச் சொல்லிச் சொல்லி டாக்டருக்கே அலுத்துவிட்டது. கடைசியில் கிட்னி போயிற்று.

அப்பா வேம்புலி வாசலில் உட்கார்ந்திருந்தார். மதிலோரமே கழிவைக் கொட்டும் பக்கத்து முலாம் பூச்சுக் கம்பெனி நிற்பது அவர் விற்ற நிலத்தில்தான்.

"நைனா, கடசியா நல்ல தண்ணில குளிப்பாட்டலாம்னு வச்சிருந்தேன், அதுவும் பூட்ச்சு. லாரித் தண்ணி சொல்லு."

"என் கெணறு இருக்கசொல்ல லாரி இன்னாத்துக்கு? வாழ்ந்த ஊட்டுத் தண்ணிதான் மேல ஊத்தணும். அதான் மொற."

"அந்தத் தண்ணிதான் அம்மாவக் கொன்னுச்சு."

"நானுந்தான் குடிக்கிறேன். கல்லு மாரி கீறேன், பாரு," என்றார், மணிக்கட்டுப் புண்ணைச் சொறிந்துகொண்டே.

இவரிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

சுமங்கலியாகப் போனவளை மஞ்சள் கரைத்துத்தான் குளிப்பாட்ட வேண்டும். அத்தை மஞ்சள்தூள் பொட்டலத்தை நாகவல்லியின் கையில் திணித்தாள். ஒரே மகள், அவள்தான் தண்ணீர் சேந்த வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாவுக்கு யார் நிறுத்துவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு சேந்தி, வாளியைக் கொண்டுவந்து அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள்.

மாங்காட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சள நல்லா கரச்சிகினு வந்துட்டியே. ஊத்தும்மா, நேரமாவுது."

நாகவல்லி ஊற்றவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

வேம்புலி வாளியைப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பார்த்தார். பொட்டலத்தில் சுற்றிய நூல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை.