முப்பத்து நான்காம் காட்சியில் குடங்கள்

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஒரு வாக்கியம். அதையும் நான்தான் எழுதினேன்.

“தண்ணீர் லாரியைக் கண்டதும் கீழூர் மக்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.”

எதிர்காலத்தில் நடக்கும் ஒரு திரைப்படத்தின் முப்பத்து நான்காம் காட்சி அது. கல்வராயன் மலைமேல் கண்ணாடி நகரம், அங்கே செல்வந்தர்கள். அடிவாரத்தில் கீழூர், அங்கே மற்ற எல்லோரும். மழையை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கீழே வாரம் ஒரு லாரி இறங்குகிறது. நான் கள்ளக்குறிச்சியில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இயந்திரவியல் நடத்துகிறவன். விஞ்ஞானக் கதைகளும் எழுதுவேன். அவற்றைப் படித்துவிட்டு, இயக்குநர் தனசேகரன் சென்னையிலிருந்து தேடி வந்தார். “ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு படம் எடுக்கணும் சார், பாக்கறவன் தூங்கக் கூடாது” என்றார். ஐந்து மாதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

படம் வந்தது, பேசப்பட்டது. முப்பத்து நான்காம் காட்சியைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது என்பதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லப் போகிறேன்.

2

எங்கே தொடங்குவது? மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

“கி.பி. 2091. சூரியன் செந்நிறத் தட்டாகக் காய்ந்த வயல்களின்மேல்”

(நிறுத்திவிட்டேன். நடந்தது 2091இல் அல்ல. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்குச் சில மாதம் முந்தைய கோடையில்.)

“தைலம்மாள் வெற்றுக்குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் மல்க”

(இல்லை. அவள் அழவில்லை. நான் பார்த்த நேரம் முழுக்க அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.)

“நாளைக்குக் காலைல தண்ணி லாரி வருது. அவுங்கவுங்க குடத்த எடுத்துக்கினு வாங்க. சினிமாக்காரங்க படம் புடிப்பாங்க.”

இது நிற்கும். தங்கதுரை ஊர்த்தெருவில் சொன்ன வார்த்தைகள். வடக்கனந்தல் பக்கம் ஒரு கிராமம் அது. பெயர் வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள். தங்கதுரையின் கரும்பு வெட்டிய நிலத்தில்தான் படப்பிடிப்பு. ஆள் கூட்டி வருவதும் அவர் பொறுப்பு. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. லாரி வரும், குடம் வேண்டும், படம் பிடிப்பார்கள். ஆனால் அந்தத் தெருவில் போர்வெல் மோட்டார் எரிந்து ஐந்து நாளாகியிருந்தது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி என்றால் தண்ணீர் லாரிதான்.

நாற்பத்தேழு வீடு. நாற்பத்தேழு குடம் வந்தது.

3

கதைக்குள் போகுமுன், இப்படிப்பட்ட படங்கள் எப்படி இயங்குகின்றன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் எளிய இயந்திரம்தான்.

முதலில் மேல், கீழ் என்று இரண்டு இடம் வேண்டும். மலையாகவும் இருக்கலாம், மாடிக் கட்டடமாகவும் இருக்கலாம், வானத்தில் மிதக்கும் ஊராகவும் இருக்கலாம். அடுத்து, ஒரு பொருள் பற்றாமல் போக வேண்டும். காற்று, மருந்து, தண்ணீர், ஏதோ ஒன்று. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு கதவு. அது எப்போதாவது கொஞ்சம் திறக்கும். திறக்கும்போது கீழே இருப்பவர்கள் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த அடிதடியைப் பார்த்துத்தான் அரங்கில் இருப்பவர் “இவர்களை இந்த நிலைக்கு ஆளாக்கிய பாவிகள் யார்?” என்று மேலே நிமிர்ந்து பார்ப்பார்.

நல்ல நோக்கம். நான் அதை உண்மையாகவே நம்பினேன். கீழே இருப்பவர்களின் அவமானத்தைக் காட்டினால்தான் மேலே இருப்பவர்களின் குற்றம் நிரூபணமாகும் என்று நினைத்தேன்.

(இந்த இயந்திரத்தில் பழுதான பாகம் எது என்று அப்போது எனக்குத் தெரியாது.)

4

காலை பத்து மணி. லாரி நிலத்துக்குள் வந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர். தனசேகரன் ஒலிபெருக்கியில் “ஆக்‌ஷன்” என்றார்.

ஒருவரும் ஓடவில்லை. பெண்கள் நடந்து வந்தார்கள், லாரியின் பின்னால் குடங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள், ஒதுங்கி நின்று பேசத் தொடங்கினார்கள்.

“கட்! ஏம்மா நிக்கறீங்க? தண்ணி பத்தாது. எல்லாரும் முந்தணும்.”

“யார முந்தறது?” என்று முன்னால் நின்ற பெண் கேட்டாள். நாற்பது வயதிருக்கும், கரும்பு வெட்டப் போகிறவள். அவள்தான் தைலம்மாள்.

“உங்களுக்கு முன்னாடி இருக்கறவங்கள.”

“எனக்கு முன்னாடி குஞ்சம்மா. போன தபா அவ கடைசி. இன்னிக்கி அவதாங்க மொதல்ல.”

பச்சைக் குடத்துக்காரி குஞ்சம்மாள் சிரித்தாள். “மிதிக்கட்டுமே! என்ன மிதிச்சிட்டு எந்த ஊருக்குப் போவா? எங்க வூட்டு செவுத்துக்கு அந்தாண்டதான அவ வூடு!”

“மேல இருக்கற பணக்காரங்க உங்களுக்குத் தண்ணி விடல. அந்தக் கோவம் வேணும்” என்றார் தனசேகரன்.

“மேலன்னா? கல்வராயன் மேலயா?” குஞ்சம்மாள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். “அங்க கடுக்கா பொறுக்கறவங்கதான இருக்காங்க! பாவம், அவுங்களே எங்கள விட கம்மி. பணக்காரங்க இங்கதான் கீழ இருக்காங்க. தோ, தங்கதுர நிக்கறாரே!”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கதுரையும் சிரிக்க வேண்டியதாயிற்று.

5

இரண்டாவது டேக்குக்கு முன் உதவி இயக்குநர்கள் குடங்களைக் கலைத்து நிலமெங்கும் சிதறி வைத்தார்கள். “ஆக்‌ஷன்.” பெண்கள் போய் அவரவர் குடத்தைக் கண்டுபிடித்து, எடுத்து வந்து, அதே வரிசையில் வைத்தார்கள். கழுத்தில் சிவப்புக் கயிறு, அடியில் சொட்டை, விளிம்பில் தீச்சுட்ட தழும்பு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். முன்பின் மாறவில்லை.

எனக்கு ஆவல் பொறுக்கவில்லை. தைலம்மாளிடம் போய், இந்த வரிசை எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்.

குடம்தான் ஆள். ஆள் வேலைக்குப் போயிருந்தாலும் குடம் நின்றால் இடம் நிற்கும். குடம் இல்லாதவர் ஒரு செங்கல் வைக்கலாம். நேற்றைய கடைசிக் குடம் இன்றைய முதல் குடம், முதலாவது கடைசிக்குப் போகும். முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்றுதான், எல்லோரும் பிடித்த பிறகுதான் இரண்டாவது. சாவு விழுந்த வீட்டுக் குடத்தை மற்றவர்களே கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அப்படியே.

(தண்ணீர் குறையும்போதும் எல்லோருக்கும் ஒரே அளவு பங்கிடுவதற்கு எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மின்சாரமோ மேற்பார்வையாளரோ இல்லாமல் ஓடும் ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.)

இந்த இடத்தில் என் வாக்கியத்தை நான் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. பார்த்து வியந்தேன், குறித்துக்கொண்டேன், நாற்காலிக்குத் திரும்பினேன்.

6

மூன்றாவது டேக். தனசேகரன் விளக்கினார். லாரியின் வால்வை முழுதாகத் திறப்பார்கள், தண்ணீர் பாய்ந்து சேறாகும், அதில் விழுந்து புரள வேண்டும்.

தைலம்மாள் முகம் மாறியது. “தண்ணி கீழ போவுமா?”

“ஆமாம்மா.”

“மொத்தமுமா?”

“சேறு வேணும்மா. சேறு இல்லன்னா சீன் இல்ல.”

அவள் லாரியையும் வரிசையையும் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “மொதல்ல நாங்க புடிச்சிக்கிறோம். வூட்ல கொண்டும்போய் வச்சிட்டு வர்றோம். அப்பால காலி லாரிய வச்சிக்கினு இன்னா வேணா எடுங்க. ஓடறோம், வுழறோம், பொரளறோம். சொன்ன சொல்லு மாற மாட்டோம்.”

“அதுக்குள்ள வெயில் போயிடும்மா. தண்ணி பாயறது தெரியணும்.” தனசேகரன் என் பக்கம் திரும்பினார். கெட்டவர் இல்லை, அவருக்கே தயக்கமாக இருந்தது. “சார், உங்க சீன். மாத்தலாமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

“மாத்தினா லாஜிக் போயிடும். கீழ அடிச்சிக்கிட்டாதான் மேல இருக்கறவங்களோட கொடுமை தெரியும்.”

தைலம்மாள் என்னிடம் கேட்டாள். “நாங்க அடிச்சிக்கினாத்தான் அவுங்க கெட்டவங்கன்னு தெரியுமா, சாரு?”

நான் பதில் சொல்லவில்லை. வால்வு திறக்கப்பட்டது.

7

முடிவுகள்.

அ) எழுத்தாளர் எழுந்து, திரைக்கதைத் தாளைக் கிழித்து, லாரியின் முன்னால் நின்று,

(இதை எழுதியபோது எனக்கு நன்றாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

ஆ) வரிசையின் அழகைக் கண்டு இயக்குநர் மனம் மாறுகிறார். வரிசையையே படமாக்குகிறார். அந்தப் படம் உலகெங்கும்

(வேண்டாம்.)

இ) நடந்தது. தண்ணீர் பாய்ந்தது. பெண்கள் மிதிக்கவில்லை, புரளவில்லை. குடங்களுக்குப் பின்னால் நின்றார்கள். பாய்ந்த வேகத்தில் ஒன்றும் நிறையாமல் குடங்கள் சாய்ந்து உருண்டன, அவற்றை நிமிர்த்தி வைத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் லாரி காலி. பிறகு படக்குழு ஆட்கள் இருபது பேருக்குக் கந்தல் கட்டி அந்தச் சேற்றில் உருளவிட்டு, முகங்களை மட்டும் நெருக்கத்தில் எடுத்தார்கள். கூட்டத்தைக் கணினியில் பெருக்கிக்கொண்டார்கள். நீங்கள் பார்த்துக் கலங்கியது அதைத்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், இடது மூலையில் அரை நொடி நேரம், சேற்றுக்கு அப்பால் குடங்கள் வரிசையாக நிற்பது தெரியும்.

நாங்கள் நான்கு மணிக்குக் காரில் கிளம்பினோம்.

8

இதுவரை எழுதியதைப் போன மாதம் எடுத்துக்கொண்டு தைலம்மாளின் ஊருக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். பாதியில் குஞ்சம்மாளும் வந்து சேர்ந்தாள்.

அப்போது என் பிரதியில், வால்வு திறந்ததும் தைலம்மாள் பேசும் ஒரு பத்தி இருந்தது. உரிமை, மானுடம் என்றெல்லாம் வரும்.

“இது யாரு பேசறது?” என்றாள் தைலம்மாள்.

“நீங்கதான்.”

“நானா? ஏண்டி குஞ்சு, நான் என்னிக்காச்சும் இப்படி பேசியிருக்கறனா?”

“நீ பேசனா நாங்க நின்னு கேட்டிருப்பமா?” என்றாள் குஞ்சம்மாள்.

“ஊருக்குப் பெரிய மனுஷன்னு தங்கதுரகிட்ட மோட்டாரு எப்ப வரும்னு மூணு தபா கேட்டேன். அத காணோம். கேட்டதெல்லாம் வுட்டுட்டு கேக்காதத போட்டிருக்கீங்க.”

அந்தப் பத்தியை அங்கேயே அடித்தேன்.

“அப்பறம்?” என்றாள்.

“அவ்வளவுதான். நாங்க கிளம்பிட்டோம்.”

“நீங்க கெளம்பிட்டீங்க. நாங்க?”

எனக்குத் தெரியாது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “உங்க காரு போனதும் நேரா ரோட்டுக்குப் போனோம். குடத்த வரிசையா குறுக்க வச்சோம். அதே வரிசதான். வடக்கனந்தல் பஸ்ஸு நின்னுது. அதிகாரிங்க வந்தாங்கோ. ஆள எழுப்பலாம், குடத்த எப்படி எழுப்பறது? ஒரு குடத்த ஓரம் வச்சா, இன்னொருத்தி எடுத்தாந்து அதே எடத்துல வப்பா. மறுநாளும் வச்சோம். மூணாம் நாளு மோட்டாரு வந்துது.”

பழுதான பாகம் எது என்று அப்போது புரிந்தது. என் இயந்திரத்தில் கீழே இருப்பவர்களுக்கு மறுநாள் என்பதே இல்லை. கேமரா நின்றால் அவர்களும் நின்றுவிடுவார்கள் என்று வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் கட்டியிருந்தேன்.

“அந்த மூணு நாள் தண்ணிக்கு என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன்.

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. தைலம்மாள் அவளைப் பார்த்தாள், பிறகு என்னை.

“அத எங்கள கேட்டா? தண்ணி உங்ககிட்டதான இருந்துது.”

9

எனவே அந்த மூன்று நாளை எழுதாமல் கதையை முடிக்க எனக்கு உரிமை இல்லை. எழுதவும் முடியவில்லை. குஞ்சம்மாள் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்கும் தைரியம் அன்று வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன், கேட்கப் போகிறேன்.

அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆறாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அதன் கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்திருக்கிறேன். நான் பதில் சொல்லவில்லை என்பது அப்படியே இருக்கும், அதை நான் சுமக்கிறேன். வால்வு மட்டும் இன்னும் மூடியிருக்கிறது. லாரி நிறைந்து நிற்கிறது.

கணக்குச் சொல்கிறேன். பன்னிரண்டாயிரம் லிட்டர், குடம் பதினைந்து லிட்டர். எண்ணூறு குடம். வீட்டுக்குப் பதினேழு. மூன்று நாள் ஓட்டலாம்.

வால்வு லாரியின் பின்புறம், இடுப்பு உயரத்தில். இடது பக்கம் சுற்றினால் திறக்கும். முழுதாகத் திறக்க ஏழெட்டுச் சுற்று ஆகும், காட்சி அருமையாக வரும், கால் மணியில் எல்லாம் முடிந்துவிடும். அரைச் சுற்றுக்கு முன்பே நிறுத்தினால் சீரான தாரை வரும். ஒரு குடம் நிறைய அரை நிமிடம், எண்ணூறுக்கும் ஆறேழு மணி நேரம். வெயில் போய்விடும், படப்பிடிப்பு நின்றுவிடும், தனசேகரன் உங்களைத்தான் கேட்பார்.

வால்வின் சக்கரம் இறுக்கமாக இருக்கும். இரண்டு கையாலும் பிடியுங்கள்.